கடன் யாருடையது? வாலாஜாபேட்டை அப்பா ஒருவருக்கு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். வாலாஜாபேட்டையை ஒட்டி வீடு கட்ட 20 லட்சம் வீட்டுக்கடன் வாங்கியிருக்கிறார். மகனின் இன்ஜினீயரிங் படிப்புக்கு 6 லட்சம் கல்விக்கடன்; அதிலும் இவர் கையெழுத்து இருக்கிறது. மகனுக்குச் சென்னையில் வேலை, மாதம் 24 ஆயிரம். கல்விக்கடன் தவணை ஐந்து மாதமாகப் போகவில்லை, வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. "படித்தது அவன், கடன் எனக்கா? தேர்தல் வந்தால் தள்ளுபடி ஆகும் என்கிறார்களே, காத்திருக்கலாமா? முடியவே இல்லை என்றால் வீட்டுச் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாமா? அமெரிக்காவில் அப்படித்தான் செய்கிறார்கள் என்று மச்சான் சொல்கிறார்" என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். கடன் உங்கள் மகனுடையது, உங்களுடையதும்தான். பாதிப் பாதி அல்ல, இருவருக்கும் முழுக் கடன். கல்விக்கடனில் பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுவது வழக்கம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி, சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். "முதலில் பையனிடம் கேளுங்கள், அவன் தராவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று வங்கியிடம் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. ஜாமீன் போட்டவர் நிலைமையும் இதேதான். அதே சட்டத்தின் 128ஆம் பிரிவு ஜாமீன்தாரரின் பொறுப்பைக் கடன் வாங்கியவரின் பொறுப்போடு சரிசமமாக வைக்கிறது. "சும்மா ஒரு கையெழுத்துதானே சார்" என்று ஆபீஸ் நண்பருக்காக ஜாமீன் போட்டுவிட்டு, அவர் ஊர் மாறிப் போனபின் பதைபதைத்து வந்தவர்களை வங்கியின் கடன் பிரிவில் இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சும்மாவுக்குச் சட்டத்தில் இடமில்லை.

கடன் வாங்கும்போது மகனுக்குப் பதினேழு வயதுதான், அதனால் அவன் கையெழுத்து செல்லாது என்று ஒரு வாதமும் ஊரில் சுற்றுகிறது. வங்கிக்காரர்கள் இதை யோசிக்காமல் இருப்பார்களா? பதினெட்டு முடிந்ததும் கடனை ஒப்புக்கொண்டு மாணவரிடம் ஒரு கடிதம் வாங்கி ஃபைலில் வைத்திருப்பார்கள். ஒருவேளை அது விட்டுப்போயிருந்தாலும், பாரம் முழுக்க உங்கள் தலையில் ஏறுமே தவிரக் குறையாது.

இன்னொன்று. "படித்தும் தகுந்த வேலை கிடைக்கவில்லை, காலேஜ் ஏமாற்றிவிட்டது" என்பது உண்மையாகவே இருக்கலாம். பிளேஸ்மெண்ட் என்று பளபளப்பான நோட்டீஸ் அடித்து ஆள் சேர்க்கும் கல்லூரிகள் நம் பக்கத்திலும் உண்டு. ஆனால் அந்தச் சண்டையைக் கல்லூரியோடுதான் போட வேண்டும். வங்கி கொடுத்தது ஃபீஸுக்கான பணம். வேலைக்கு அது உத்தரவாதம் கொடுக்கவில்லை. 2022இல் நம் மாவட்டங்களில் மாதா மாதம் கொழுத்த வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்கள் கவிழ்ந்தபோதும் இதே கதைதான். வீட்டை அடமானம் வைத்து, பர்சனல் லோன் எடுத்து அதில் போட்டவர்கள் இருந்தார்கள். ஏமாற்றியவன் மீது கேஸ் ஒரு பக்கம் நடக்கும். வங்கித் தவணை அதற்காக ஒரு மாதம்கூட நிற்காது.

சரி, நீங்கள் இல்லாத காலத்தில் என்ன ஆகும்? இதைக் கேட்கப் பலர் கூச்சப்படுவார்கள், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. அப்பன் பட்ட கடனைப் பிள்ளை அடைத்தே தீர வேண்டும் என்ற பழைய இந்து தர்மக் கடமையைச் சட்டமாகச் செயல்படுத்துவது 2005ஆம் ஆண்டு வாரிசுரிமைத் திருத்தத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின் வாங்கிய கடனுக்கு, மகன் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைப் பிடிக்க முடியாது. உங்களிடமிருந்து என்ன சொத்து வந்ததோ, அந்த அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. ஆனால் வீடு அடமானத்தில் இருந்தால், அந்த அடமானத்தோடுதான் வாரிசுகளுக்குப் போகும். வீடு வேண்டும் என்றால் கடனை அடைத்தாக வேண்டும். வீட்டுக்கடனோடு ஆயுள் காப்பீடு எடுத்தீர்களா என்று பழைய காகிதங்களில் பாருங்கள். பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துப் பிடித்துவிட்டு, பாலிசி இருப்பதையே குடும்பத்தார் யாரும் அறியாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. மகள் பெயரில் கல்விக்கடன் இருப்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லாமல் கல்யாணத்தை முடிக்கும் வழக்கம் ஆம்பூர், குடியாத்தம் பக்கமெல்லாம் உண்டு. கணவரோ மாமனாரோ கையெழுத்துப் போடாதவரை அவர்களுக்கு அதில் பொறுப்பே இல்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்துப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வீட்டுக்கடனுக்கு மனுப் போடும்போது சிபில் அறிக்கையில், அதாவது ஒருவரின் கடன் வரலாற்று அறிக்கையில், எல்லாம் வெளியே வந்துவிடும். அன்றைக்கு வரும் மனஸ்தாபத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். 6 லட்சம் என்பதை வருடத்துக்கு ஒன்றரை லட்சமாக நான்கு தடவை வாங்கியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வட்டி 10 சதவீதம் என்று பிடிப்போம். படிப்புக் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை விடுமுறை. அந்த ஐந்து வருடத்துக்குத் தனி வட்டி ஓடும். முதல் ஒன்றரை லட்சம் ஐந்து வருடம், அடுத்தது நான்கு வருடம், பிறகு மூன்று, இரண்டு. மொத்தம் 2,10,000 ரூபாய் வட்டி. தவணை தொடங்கும் அன்று உங்கள் கடன் 6 லட்சம் அல்ல, 8,10,000. பத்து வருடத்தில் அடைப்பதானால் மாதம் சுமார் 10,700. "வாங்கியது ஆறு, எட்டு எப்படி ஆச்சு? பேங்க்காரன் கொள்ளை" என்று கோபப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டியிருந்தால், முதல் வருடம் மாதம் 1,250, இரண்டாம் வருடம் 2,500 என்று ஏறி, கடைசியில் 5,000 வரை போயிருக்கும். பிறகு தவணை 7,900ஐ ஒட்டி நின்றிருக்கும். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் சலுகை கொடுக்கும் வங்கிகளும் உண்டு. உங்களுக்கு இது காலம் கடந்த தகவல், ஆனால் இந்த வருடம் பிள்ளையைக் காலேஜில் சேர்க்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

உங்களுக்குப் பயன்படக்கூடியது ஒன்று இருக்கிறது. கடன் வாங்கிய சமயத்தில் குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்ததா? இருந்தால், தொழிற்கல்விப் படிப்புகளுக்கு அந்தத் தவணை விடுமுறைக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து நடப்பில் உள்ளது. கனரா வங்கிதான் அதற்கு முகமை வங்கி. தாசில்தார் அலுவலக வருமானச் சான்றைக் கொடுத்தும், கிளையிலிருந்து விண்ணப்பம் மேலே போகாமல் நின்ற கணக்குகள் இருக்கின்றன. கடன் கணக்கின் ஸ்டேட்மெண்டை முதல் நாளிலிருந்து எடுத்து, மானியம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். வரவில்லை, ஆனால் தகுதி இருந்தது என்றால் எழுத்தில் கேளுங்கள். கடனைக் கட்டுவது உங்கள் பொறுப்பு என்றால், கணக்கைச் சரியாக வைத்திருப்பது அவர்கள் பொறுப்பு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், குறிப்பிட்ட தரமான கல்வி நிறுவனங்களுக்கு, எட்டு லட்சம் வருமானம் வரை உள்ள குடும்பங்களுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை இருக்கிறது.

தள்ளுபடிக்கு வருகிறேன். இதில்தான் நம் ஜனங்கள் அதிகம் அடிபடுகிறார்கள். 2021இல் கூட்டுறவு சங்கங்களில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. அதே வருடம் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடியும் அறிவிக்கப்பட்டது. அக்கம்பக்கத்தில் நகை திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, அடுத்தது கல்விக்கடன்தான் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அவை கூட்டுறவு வங்கிக் கடன்கள். மாநில அரசின் கட்டுப்பாட்டில் இருப்பவை, அரசே அந்தப் பணத்தை ஈடுகட்டியது. உங்கள் கல்விக்கடன் தேசிய வங்கியில் இருக்கிறது. சென்னையில் ஓர் ஆணை போட்டு அதை அழிக்க முடியாது. மாநில அரசு தன் கஜானாவிலிருந்து ரொக்கமாக எடுத்து வங்கிக்குக் கட்டினால்தான் உண்டு. தேர்தல் அறிக்கைகளில் இந்த வாக்குறுதி வந்து போயிருக்கிறது. அதை நம்பித் தவணையை நிறுத்தியவர்களின் கணக்கில் வட்டி மட்டும் ஏறியது. அந்த நகைக்கடன் தள்ளுபடியிலும் 40 கிராமுக்கு மேல் வைத்தவர்கள், அரசு ஊழியர்கள் என்று எத்தனை பேரை வடிகட்டினார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

காத்திருப்பின் விலை என்ன? 8,10,000 ரூபாயை மூன்று வருடம் தொடாமல் விட்டால், 10 சதவீதக் கூட்டு வட்டியில் 10,90,000ஐத் தாண்டிவிடும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கணக்கு வாராக்கடன் (தவணை நிலுவை 90 நாளைத் தாண்டிய கடன்) ஆனபின் வங்கி அந்த வட்டியைப் பாஸ் புத்தகத்தில் ஏற்றாமல் தனியாக எழுதி வைக்கும். பாஸ் புத்தகத்தில் பழைய தொகையே நிற்பதைப் பார்த்து, "வட்டி நின்றுபோச்சு" என்று நிம்மதியாக இருப்பார்கள். கணக்கை முடிக்கப் போகும் அன்றுதான் அந்த ஏறாத வட்டி முழுவதும் தெரியவரும்.

மச்சான் சொன்ன அமெரிக்கக் கதை முழுப் பொய் அல்ல. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில், குடியிருக்க வாங்கிய வீட்டின் முதல் கடனுக்கு வீடு மட்டும்தான் ஈடு. வீட்டை விட்டுப் போனால் மீதிக்கு ஆளைத் துரத்த முடியாது. 2008 வீட்டு விலைச் சரிவில் பலர் அப்படித்தான் கிளம்பினார்கள். ஆனால் அதே நாட்டில் கல்விக்கடன் எப்படி என்று மச்சானைக் கேளுங்கள். திவால் ஆனாலும் எளிதில் விடாத கடன் அது. 2022இல் அதிபர் பைடன் ஆளுக்குப் பத்தாயிரம் டாலர், ஏழைக் குடும்பத்து மாணவர் உதவித்தொகை பெற்றவர்களுக்கு இருபதாயிரம் டாலர் வரை தள்ளுபடி என்று அறிவித்தார். 2023 ஜூன் 30 அன்று அவர்கள் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தள்ளுபடியை நம்பிக் காத்திருந்து கைவிடப்பட்டவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

இங்கே சாவியைக் கொடுப்பதால் எதுவும் முடியாது. வீட்டை ஏலம் விட்டு வந்த பணம் கடனுக்குப் போதவில்லை என்றால், மீதியை உங்களிடம் வசூலிக்க சர்ஃபாசி சட்டமே, அதாவது 2002ஆம் ஆண்டு கடன் மீட்புச் சட்டமே, வழி வைத்திருக்கிறது. ஏலத்தில் கூடுதலாக வந்தால் உபரி உங்களுக்குச் சேர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஏலத்தில் வீடு சந்தை விலைக்குப் போவது அபூர்வம். ஊரில் நடந்த ஏல வீட்டை வாங்க அக்கம்பக்கத்தார் தயங்குவார்கள், எடுப்பவர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். நிஜமாகவே வீட்டுக்கடனைச் சுமக்க முடியாத நிலை வந்தால், வங்கியிடம் சொல்லிவிட்டு, நீங்களே நல்ல விலைக்கு ஆள் பார்த்து, வாங்குகிறவர் பணத்தில் கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்டுக் கிரயம் செய்து கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். மானமும் கொஞ்சம் பணமும் மிஞ்சும்.

வீட்டுக்கடன் தவறினால் படிகள் எப்படிப் போகும் என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். தவணை நிலுவை 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அதன் பிறகு சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் நோட்டீஸ் வரும். அதற்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தால் 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் தர வேண்டும். இந்த வாய்ப்பைப் பயன்படுத்துகிறவர்கள் மிகவும் குறைவு. நோட்டீஸைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். 60 நாள் முடிந்தபின் சொத்தைச் சுவாதீனம் எடுக்கலாம்; அதற்குக் கலெக்டர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவர் உதவியை வங்கி நாடும். அதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், நம் பக்கத்துக்குச் சென்னைதான். ஏலத்துக்கு முன் 30 நாள் அறிவிப்பு வேண்டும். 2016 திருத்தத்துக்குப் பிறகு, அந்த ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்டாக வேண்டும். "ஏலம் நடக்கும் நாள் காலையில் பணத்தோடு போய் நிறுத்திவிடலாம்" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும் தரகர்களை நம்ப வேண்டாம்.

உங்கள் கல்விக்கடனுக்கு இந்த வழி பொருந்தாது, ஏனென்றால் ஏழரை லட்சம் வரையிலான கல்விக்கடனுக்குப் பொதுவாகச் சொத்து ஈடு வாங்குவதில்லை. வங்கி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, டிகிரி, அதாவது தீர்ப்பாணை, வாங்கி, பிறகுதான் சொத்தை ஜப்தி செய்ய வர முடியும். நீண்ட பாதை. ஆனால் அந்தப் பாதையின் முடிவில் உங்கள் வீடும் வரலாம், நீங்கள் இணைக் கடனாளி என்பதால். இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு கடனும் ஒரே வங்கியிலா என்று நீங்கள் எழுதவில்லை. வாராக்கடன் என்ற முத்திரையை ரிசர்வ் வங்கி விதிப்படி கணக்குக்குக் கணக்கு குத்துவதில்லை, கடனாளியைப் பார்த்துத்தான் குத்துகிறார்கள். ஒரே வங்கியில் ஒரு கணக்கு கெட்டால், ஒழுங்காகக் கட்டும் மற்ற கணக்கும் அதோடு சேர்ந்துவிடலாம். ஒரே வங்கி என்றால், மேனேஜரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான். வீட்டு அடமானப் பத்திரத்தில், "இதர பாக்கிகளுக்கும் இந்தச் சொத்தே ஈடு" என்ற மாதிரி ஒரு வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

என்ன செய்ய மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஃபோனில் மிரட்டுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கடன் கட்ட முடியாதது குற்றம் அல்ல, போலீஸ் வராது. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், கட்ட வழியில்லாத நேர்மையான கடனாளியைச் சிவில் சிறையில் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். வசதி இருந்தும் ஒளிக்கிறவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பண டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. பென்ஷனையும் பி.எஃப். பணத்தையும் கோர்ட் ஜப்தி செய்ய முடியாது. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்களில் இது பெரிய ஆறுதல். சம்பளத்தில் முதல் ஆயிரமும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும். வசூல் ஏஜெண்ட் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது. ஆபீஸ் நண்பர்களுக்கு ஃபோன் போட்டு அவமானப்படுத்தக்கூடாது. செய்தால் தேதி, நேரம் குறித்து வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. ஒரு எச்சரிக்கை: தவணைக்காகக் கொடுத்த செக் திரும்பினாலோ, தானியங்கிப் பிடித்தம் பணமில்லாமல் திரும்பினாலோ, அது கிரிமினல் வழக்காக முடியும். கணக்கில் பணம் இருக்காது என்று தெரிந்தால் முன்னாலேயே வங்கிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இப்போது என்ன செய்வது. என் கருத்து தெளிவானது: வீட்டுக்கடன் தவணையை எக்காரணத்துக்காகவும் விடாதீர்கள். கல்விக்கடனைச் சுமக்க வேண்டியவன் உங்கள் மகன். நீங்கள் தாங்கிப் பிடிக்க மட்டும் செய்யுங்கள். சட்டம் இருவரையும் ஒன்றாகப் பார்த்தாலும், குடும்பத்துக்குள் வரிசை இருக்க வேண்டும். "அப்பா பார்த்துக்கொள்வார்" என்று பையன் நினைப்பதும், "அவனுக்கு ஏன் பாரம்" என்று அப்பா மறைப்பதும் நம் வீடுகளில் சகஜம். பிறகு அவனுக்கு முப்பது வயதாகிச் சொந்த வீட்டுக்கு மனுப் போடும்போது, சிபில் பார்த்துவிட்டு வங்கி கதவைச் சாத்தும். நோட்டீஸை இன்றைக்கே அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தவணைப் பிடித்தத்தை அவன் சம்பளக் கணக்குக்கு மாற்றுங்கள்.

24 ஆயிரத்தில் 10,700 கட்ட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. சென்னையில் மேன்ஷன் வாடகையும் சாப்பாடுமே பாதியைத் தின்றுவிடும். அதனால்தான் வங்கிக்கு நேரில் போகச் சொல்கிறேன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் திருப்பிச் செலுத்தும் காலம் 15 வருடம் வரை போகலாம். 15 வருடமாக நீட்டினால் உங்கள் தவணை சுமார் 8,700 ஆகிவிடும். வேலை இல்லாத, அல்லது குறைந்த சம்பளத்தில் இருக்கும் காலத்துக்குக் கடன் ஆயுளில் இரண்டு மூன்று முறை தவணை ஒத்திவைப்புக் கொடுக்கலாம் என்றும், முதலில் சின்னத் தொகையில் தொடங்கிச் சம்பளம் ஏற ஏறத் தவணையையும் ஏற்றிக்கொள்ளலாம் என்றும் அதே திட்டம் சொல்கிறது. இதைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக யாரும் தர மாட்டார்கள். கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்கலாம். பொறுமையாக மேனேஜரிடம் பேசுங்கள். மகனும் கூட வரட்டும், மூன்று மாதச் சம்பளச் சீட்டோடு. கோரிக்கையை எழுதிக் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலுவை ஐந்து தவணை, கிட்டத்தட்ட 53,500 ரூபாய், அபராதக் கட்டணம் தனி. நோட்டீஸில் எட்டு லட்சத்தைப் பார்த்துத்தான் மலைத்திருப்பீர்கள். முழுக் கடனையும் திரும்பக் கேட்டு வந்த நோட்டீஸாக இருந்தாலும், வழக்குப் போகும் முன் நிலுவை முழுவதையும் கட்டினால் பெரும்பாலும் பேச்சு மாறும். வாராக்கடனான கணக்கு மறுபடி நல்ல கணக்காக, அசல், வட்டி நிலுவை மொத்தமும் தீர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அங்கொரு ஐநூறு இங்கொரு ஆயிரம் என்று போடுவதால் முத்திரை போகாது. வீட்டில் சும்மா கிடக்கும் நகை இருந்தால், அதை வங்கியில் வைத்து இந்த நிலுவையைத் தீர்ப்பதில் தப்பில்லை, ஒரு வருடத்துக்குள் மீட்க முடியும் என்றால். ஆனால் மூணு வட்டிக்கு வெளியில் வாங்கி வங்கித் தவணை கட்டாதீர்கள். மூணு வட்டி என்பது வருடத்துக்கு 36 சதவீதம். பத்து சதவீதக் கடனை அடைக்க முப்பத்தாறு சதவீதக் கடன் வாங்குவது பொறுப்பு அல்ல, பதற்றம். கந்து வட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது, இருந்தும் மண்டித் தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை அது எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஓடிஎஸ் எனப்படும் ஒரே தடவைத் தீர்வு பற்றியும் யாராவது சொல்வார்கள். லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் வட்டியில் பெரும்பகுதியைக் குறைத்து முடித்துத் தருவதும் நடக்கிறது. லோக் அதாலத்தில் ஒப்புக்கொண்டால் அதற்கு அப்பீல் கிடையாது, சொன்ன தேதியில் பணம் கையில் இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அப்படிக் குறைத்து முடித்த கடன் சிபிலில் "முடிந்தது" என்று வராது, "செட்டில் செய்தது" என்றுதான் வரும். அறுபது வயதில் இருக்கும் ஒருவருக்கு அது பரவாயில்லை. இருபத்தைந்து வயதுப் பையனுக்கு அந்த வார்த்தை வருடக்கணக்கில் தடங்கல். அதனால் உங்கள் வீட்டில் இது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

வீட்டுக்கடன் பக்கம் ஒரு வேலை பாக்கி. 20 லட்சத்துக்கு 20 வருடம், எட்டரை சதவீதம் என்றால் தவணை 17,356. அதில் முதல் மாதம் 14,167 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 3,189தான். 2022 மேயில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனபோது, பல வங்கிகள் தவணையை அப்படியே வைத்துக் காலத்தை நீட்டின. 2025இல் ரெப்போ இறங்கியது. உங்கள் விகிதமும் இறங்கியதா, எத்தனை தவணை பாக்கி காட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள். மாறும் வட்டியில் உள்ள வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லை, அதனால் போனஸ் வந்தால் ஐயாயிரம் பத்தாயிரம் என்று அசலில் போடலாம். ஆனால் கல்விக்கடன் நிலுவை தீர்ந்த பிறகு.

எல்லாம் கட்டி முடிக்கும் நாளில், 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. கடன் பாக்கியில்லாச் சான்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கடன் எடுக்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி, அதாவது பத்திரத்தை வங்கியில் ஈடாக வைத்ததற்கான ஆவணம், பதிவு செய்திருப்பீர்கள், அதை ரத்து செய்யும் ரசீதும் அங்கேயே பதிவாக வேண்டும். அது முடிந்த பிறகு வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து, உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே அந்தப் பதிவு வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.